கவண்படையை இரவல் கேட்ட கருங்குன்றத்தாருக்கு மறுமொழி

வாழ்க வயல், உயர்க வரப்பு, நிறைக குளம்.

ஏழ்மடை காக்கும் பெருமாட்டி, நீர்மருதை நாட்டு அரசியார் இளவேய்மாதேவியாரின் திருவாய்மொழிப்படி, தலைமை அமைச்சன் நன்னாகன் எழுதும் ஓலை. தேனும் தினையும் குறையாத கருங்குன்ற நாட்டின் கோமானும், எம் அரசியார் உடன்பிறந்தவராய் எண்ணி மகிழும் பெருமகனுமான வெற்பன் ஆதனார் திருமுன் காண்க. அங்கே அரண்மனையும் ஆநிரையும் நலந்தானே? கோமானின் முழங்கால் வலி தணிந்ததா? இங்கே மழை பொய்க்கவில்லை, மக்கள் நலம். தவளைச் சத்தத்தால் அமைச்சனுக்கு மட்டும் உறக்கமில்லை. அதுவும் மகிழ்ச்சியான குறையே.

தங்கள் ஓலை வந்து சேர்ந்தது. தினைப்புனங்களில் பறவைத் தொல்லை பெருகிவிட்டதென்றும், அவற்றை ஓட்ட எங்கள் புகழ்பெற்ற கவண்படையை ஒரு பருவத்துக்கு இரவல் தரவேண்டுமென்றும், ஈடாகக் கொம்பன் யானை இரண்டு அனுப்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். அவையில் அதைப் படித்தபோது படைநாயகர் மாறங்கூத்தனார் கண்கலங்கினார். பெருமையால் கலங்குகிறார் என்று அவையோர் ஆரவாரித்தார்கள். காரணம் வேறு. அதை அறிந்த பின்னரே படையை ஏற்பதா மறுப்பதா என்று கோமான் முடிவு செய்வது முறையாதலால், ஓலை சற்று நீளும், பொறுத்தருள்க.

கூத்தனாரின் பாட்டனார் காலந்தொட்டுக் கவண்படைக்கு ஒரே வேலை, அரண்மனை நெல் விளையும் வயலில் குருவி ஒன்றும் இறங்காதபடி கல்லெறிவது. பறவை உட்காரும் என்று வரப்பு மரங்களை வெட்டினோம். கொக்கு வரும் என்று குட்டைகளைத் தூர்த்தோம். கண்ணுக்கெட்டிய மட்டும் ஒரே நெல்லை விதைத்து அதன் அழகை நாமே மெச்சிக்கொண்டோம். பறவை போயிற்று, புழு வந்தது. பால்பிடிக்க வேண்டிய கதிர் வெளுத்து நின்றது. தூற்றினால் பதரே பறந்தது. குருவிக்குப் பயந்து புழுவுக்குப் பந்தி விரித்தவர்கள் நாங்கள்.

அந்நாளில் கடைமடை ஐந்தூரின் தலைவி நங்கைச்சாத்தி அவைக்கு வந்தாள். ஐந்தூர் நிலத்தையும் வேலி பிரிக்காமல் ஒன்றாக்கி, நெல்லோடு பயறும் எள்ளும் கீரையும் கலந்து வைத்து, மரம் நட்டு, குட்டை வெட்டி, ஊர்கூடி உழைக்க மூன்று விளைச்சல் தவணை வேண்டுமென்றும், அதுவரை தங்கள் பக்கம் கவண்கல் விழலாகாதென்றும் வேண்டினாள். கூத்தனார் சினந்தெழுந்து, கல் நின்றால் கதிர் நிற்காது என்றார். அதற்கு அவள் சொன்னதை மெருகிடாமல் எழுதுகிறோம்: ஐயா, ஒங்க கல்லுக்குப் புழு பயப்படுதா? பயப்பட்டா நாளைக்கே வந்து எறிங்க. அரசியார் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தீர்ப்பு இவ்வாறு அமைந்தது. மூன்றாம் விளைச்சலில் ஐந்தூரின் நெற்குதிர்கள் நிறைந்தால் நாடெங்கும் நங்கைச்சாத்தியின் வழியே நடக்கும். நிறையாவிட்டாலோ, இடையில் ஒரு கவண்கல் பறந்தாலோ, ஐந்தூர் நிலமும் பழையபடி அரண்மனை நெல்லுக்கே திரும்பும். அதுவரை கூத்தனாரும் படையும் அவள் சொற்படி மண்வெட்டி பிடிக்கவேண்டும். கூத்தனார் போனார். இம்முயற்சி தோற்கவேண்டும் என்று வழியிலுள்ள தெய்வங்களுக்கெல்லாம் நேர்ந்துகொண்டே போனார். தோற்றால்தானே கவணுக்கு மீண்டும் வேலை!

ஆனால் எந்தப் பறவை எந்தக் கிளையில் உட்காரும், எவ்வேளையில் இறங்கும், எதற்கு அஞ்சும் என்பதெல்லாம் கவண்படையைப்போல அறிந்தவர் யார்? விரட்டக் கற்ற வித்தையை அழைப்பதற்குத் திருப்பினார்கள். புழு தின்னும் கரிச்சான் குருவி உட்கார வயல் நடுவே கவைக்கோல் நட்டார்கள். ஆந்தைக்குப் பொந்துள்ள மரத்துண்டுகளைத் தேடிக் கட்டினார்கள். வரப்பெங்கும் அகத்தியும் துவரையும் வைத்தார்கள். உதிர்ந்த தழை மண்ணை மூடியது, மூடிய மண் ஈரம் காத்தது, ஈரத்துக்குத் தவளை வந்தது. முதல் கரிச்சான் கோலில் அமர்ந்து புழுவைக் கொத்திய காலையில் கூத்தனார் வாய்விட்டுச் சிரித்தாராம். பிறகு யாரேனும் பார்த்துவிட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தாராம். படை முழுவதும் பார்த்திருந்தது.

ஒன்றில்மட்டும் அவர் இறங்கிவரவில்லை. நிலத்தின் வெளிவட்டம் முழுதும் தினையும் கம்பும் விதைத்து அதைப் பறவைகளின் பங்காக விடவேண்டும் என்றாள் நங்கைச்சாத்தி. திருடன் கையில் சாவி கொடுப்பதா என்று முணுமுணுத்தார். முணுமுணுத்தபடியே விதைக்கவும் செய்தார்.

மூன்றாம் விளைச்சல். அறுவடைக்கு முந்தின நாளில், கதிர் தலைசாய்ந்து நிற்கையில், வானம் பச்சையாகும்படி கிளிக்கூட்டம் வந்தது. கல் வேண்டாமென்ற அதே ஊர், முறங்களைத் தட்டிக்கொண்டு ஓடிவந்து கல் எறியச் சொல்லிக் கதறியது. கடைசியில் நங்கைச்சாத்தியே கூத்தனாரின் முழங்கையைப் பற்றினாள். கூத்தரே, ஒரே ஒரு கல்லு. அரசிக்கு யாரு சொல்லப் போறா? புள்ளகுட்டிக்காரங்க நாங்க, என்றாள்.

மூன்று விளைச்சலாக அவர் காத்திருந்த சொல் அது. கவண் இடுப்பில் இருந்தது. ஒரு கல், ஐந்தூரின் முயற்சி முடியும், படைக்குப் பழைய பெருமை திரும்பும். கூத்தனாரோ கவணை அவிழ்த்து வரப்பில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். விருந்துக்கு அழைத்துவிட்டு வாசலில் நாயை அவிழ்த்துவிடலாமா அம்மா, இலை போட்டாயிற்று, உண்டுவிட்டுப் போகட்டும் என்றார். அவளும் அருகே அமர்ந்தாள், ஊரும் அமர்ந்தது.

கிளிகள் நெல்லின்மேல் ஒருமுறை வட்டமிட்டன. பிறகு வெளிவட்டத்துத் தினையில் இறங்கின. பொழுது சாயும்வரை தின்றன. அகத்தி மரங்களில் அடைந்து ஓயாமல் வம்பு பேசின. நெல்லில் போனது ஓரத்துக் கதிர் சில. மறுநாள் அறுத்தார்கள், குதிர்கள் வாய்வரை நிறைந்தன. பயறும் எள்ளும் குட்டை மீனும் மரத்துத் தேனும் மேல்வரவு. நங்கைச்சாத்தி அழுதுகொண்டே சிரித்து, கூத்தனார் தலையில் ஒரு படி புதுநெல்லைக் கொட்டினாள். அது எங்கள் நாட்டில் புதுமாப்பிள்ளைக்குச் செய்யும் மரியாதை. அறுபது வயதில் அவர் நாணியதைக் காணக் கண் கோடி வேண்டும்.

அந்தக் கிளிகள் தங்கள் மலையிலிருந்து விரட்டப்பட்டவை என்பது படையினரின் கணிப்பு. அவ்வகையில் தங்களுக்கு எங்கள் நன்றி.

அயல்மன்னர் ஒருவர் தம் கவணைக் கேட்டு ஓலை விடுப்பார் என்று கூத்தனார் வாழ்நாளெல்லாம் காத்திருந்தார். அது வந்தது, கவணில் கல் வைக்க மனம் வராத காலத்தில். அதனால் கலங்கினார். கலங்கியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போக விடை தாருங்கள், ஆனால் கல்லோடு போகமாட்டேன் என்று அரசியாரை வேண்டினார்.

ஆகவே படை வரும். மூட்டைகளில் இருப்பவை களிமண்ணும் சாணமும் பிசைந்து, உள்ளே விதை பொதிந்த உருண்டைகள். மண்ணரித்த சரிவுகளில், கால் எட்டாத பாறையிடுக்குகளில், மழைக்கு முன் கவணால் எறிவார்கள். ஓசை கேட்டுத் தங்கள் காவலர் அஞ்சவேண்டா. ஊர்த்தலைவர்களைக் கூட்டி, பறவைப் பங்குக்கான நிலத்தை இப்போதே ஒதுக்கிவைக்க. கொம்பன் யானைகள் தங்களிடமே இருக்கட்டும். அவற்றின் சாணத்தைமட்டும் வண்டியேற்றி அனுப்புக. எங்கள் மரக்கன்றுகள் அதற்கு ஏங்குகின்றன.

புறப்படும் நாள் குறிக்க நிமித்திகரை அழைத்தோம், கூத்தனார் தடுத்துவிட்டார். பாட்டனார் வழிவந்த அவருடைய கவண்கல் பை சுவரில் தொங்குகிறது. அதை எடுக்காமல் அவர் படை நடத்தியதில்லை. இப்போது அதில் ஒரு சிட்டுக்குருவி கூடுகட்டி முட்டையிட்டிருக்கிறது. குஞ்சுகள் பறக்கும் நாளே படை புறப்படும் நாள் என்று பெருமாட்டியார் கட்டளையிட்டருளினார்.

இவ்வண்ணம் ஏழ்மடை இலச்சினை அரக்கில் பொறித்து, அரசியார் ஆணையால் விடுத்தோம். நிலம் குளிர்க; இரு நாடும் ஓருறவாய் நிற்க. 

அரக்கு ஆறுமுன் வந்த செய்தியையும் சேர்த்து எழுதுகிறோம்: முட்டை பொரிந்துவிட்டது. கருங்குன்றம் தன் எல்லைவாயிலைத் திறந்துவைக்க.