முப்பத்தொரு வயதுப் புதுமுகம்

பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சளி. தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சுகிறார்கள். அந்த வாசம் வேலி தாண்டி வந்ததும் உங்கள்மேல் இருந்த பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உதைபந்தாட்டம் முடிந்து வந்து, வீங்கின விரல்களை நீட்டி அதைத்தானே பூசச் சொல்வீர்கள். நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடமாகிறது. இனியாவது குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

கொழும்புக் கழகத்தின் பெரியவர் முதல்முறை எங்கள் ஊரான குருநகருக்கு ஆள் தேடி வந்தபோது உங்களுக்கு இருபத்திரண்டு வயது. எங்களுக்குக் கலியாணமாகி மூன்று மாதம். அன்றைக்கென்று பார்த்து எங்கள் தடுப்பாட்டக்காரர் ஒரு பந்தையும் உள்ளே விடவில்லை. கோல்கீப்பரான நீங்கள் வேலையில்லாமல் கம்பத்தில் சாய்ந்தபடி நின்றீர்கள். இரண்டு கோல் அடித்தவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அடிப்பவனை அறிய ஒரு பின்னேரம் போதும். தடுப்பவனை அறியப் பல ஆட்டம் பார்க்க வேண்டும். அதற்காக யார் அத்தனை தூரம் வந்துபோவது?

மூன்று வருடத்தின் பின் கேட்டார்கள். ஆனால் அவர்களிடம் ஏற்கெனவே ஒரு கோல்கீப்பர் இருந்தார். அவருடைய முழங்கால் தேயும்வரை நீங்கள் மாற்றாளாக வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டுமாம்.

"போங்கோ" என்றேன்.

"வாங்கிலை குந்தியிருந்தால் கை மறந்துபோம். இஞ்சை எண்டால் கிழமைக்குக் கிழமை பந்து வருகுது. கோல்கீப்பர் முப்பதுக்குப் பிறகுதான் பழுப்பான். நீர் பேசாமல் இரும்."

பேசாமலும் இருந்தேன். நீங்கள் கடலுக்குப் போனீர்கள், வந்தீர்கள், பந்து பிடித்தீர்கள். ஆறு வருடம் அப்படியே போனது.

பிறகு அந்த மழைநாள் ஆட்டம்; வழுக்கின பந்து ஒன்றையும் நீங்கள் உள்ளே விடவில்லை. அதே பெரியவர், நரைத்துப்போய், ஆட்டம் முடிந்ததும் சேற்றில் இறங்கி வந்தார். "இவ்வளவு காலமும் எங்கை ஐயா இருந்தனீர்?"

"இந்தக் கம்பத்துக்குக் கீழைதான்" என்றீர்கள், சிரித்துக்கொண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கழகத்தில் சேர்ந்ததும் கொழும்புப் பத்திரிகை உங்களைப் 'புதுமுகம்' என்று எழுதியது. முப்பத்தொரு வயது, காதோரம் நரை, புதுமுகமாம். இரண்டே பருவம் ஆடினீர்கள். தோள்மூட்டு விலகியது. வீட்டுக்கு வந்து, "காணும், இனிப் போதும்" என்றீர்கள்.

"இருபத்திரண்டிலை உங்களைக் கொண்டுபோயிருந்தால் பத்து வருசம் ஆடியிருப்பியள்."

"இருபத்திரண்டிலை எல்லாப் பந்துக்கும் பாய்ஞ்சிருப்பன். எதுக்குப் பாயக்கூடாது எண்டு பிறகுதானே படிச்சனான்."

அது உண்மையாகவும் இருக்கலாம். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். யாரைக் குறைசொல்வது என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

ஆனால் 'பொறுத்திருப்பம்' என்ற சொல் மட்டும் இப்போது என் காதுக்கு ஆகாது. போன மாதம் மகளுக்கு வவுனியாவில் ஆசிரியை வேலை கிடைத்தது. "இன்னும் கொஞ்சம் பழகிக்கொண்டு, அடுத்த வருசம் பாப்பமே அம்மா" என்றாள். நான் பெட்டியை இறக்கிச் சேலைகளை அடுக்கத் தொடங்கினேன்.

"பிழை விட்டால்?"

"அங்கை நிண்டு பிழை விடு."

திங்கட்கிழமை பஸ் ஏற்றிவிட்டேன். கடிதம் போட்டிருக்கிறாள். முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் ஒரு பிழை விட்டாளாம். விடட்டும்.