சிவப்புப் புள்ளடி

ஸ்ட்ராத்ஃபீல்ட், சிட்னி
7.9.1975

அன்புள்ள ரஞ்சினிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். எட்மன்டனில் நீயும் சுகமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை, அப்பாவின் செத்தவீட்டுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. இங்கே குளிர் குறைந்துவிட்டது. பரமட்டாப் பள்ளிக்கூடம் வழமைபோல, நான் சொல்லும் கணக்குப் பிள்ளைகளுக்கு இன்னும் விளங்கவில்லை, ஆனால் என் உச்சரிப்புக்குச் சிரிப்பதை விட்டுவிட்டார்கள். சந்திரகலா அன்ரி வெள்ளிக்கிழமைகளில் வந்து எனக்குச் சமைக்கத் தெரியாது என்பதை நிரூபித்துவிட்டுப் போகிறா. அவ இடித்த மிளகாய்த்தூளில் உனக்கும் ஒரு பொதி கட்டி வைத்திருக்கிறேன், உங்கள் சுங்கத்தில் விடுவார்களா என்று விசாரித்து எழுது.

போன மாதம் மெல்பேணுக்குப் போய் வந்தேன். அப்பா இரண்டு வருடத்துக்கு முன்பே பெயர் பதிந்து வைத்திருந்தாரே, விஞ்ஞானக் கதை ரசிகர்களின் உலக மாநாடு, அதற்குத்தான். லண்டனுக்குப் போகாமல் இந்த நாட்டுக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் சொன்னால் மறுப்பார், ஆனால் சிரித்துக்கொண்டு மறுப்பார். சாம்பல் நிற சூட் தைப்பித்ததும் அதற்குத்தான், ஒருநாளும் போடவில்லை. அவருடைய மனிதர்களுக்குள் நான் போய் என்ன செய்வது என்று இருந்தேன், பிறகு என்ன நினைத்தேனோ ரயிலில் ஏறிவிட்டேன். ஹோட்டல் வாசலில் ஒரு மேசை, அதில் பெயர் அட்டைகள். இன்னும் வராதவர்களின் வரிசையில் சிவபாலன் என்று அவருடையதும் இருந்தது. நான் அவர் மனைவி, அவர் சித்திரையில் காலமாகிவிட்டார் என்று சொன்னேன். மேசையில் இருந்த பெண் எழுந்து உள்ளே ஓடினாள், தாடி வைத்த ஒரு பெரிய மனிதரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர்தான் லெஸ்லி. அப்பா இருபது வருடமாகக் கடிதம் எழுதிய, ஒருநாளும் காணாத லெஸ்லி. மெல்பேணில் டிராம் ஓட்டுகிறார், வீட்டில் ரோனியோ மெஷினில் பத்திரிகை அடித்து ரசிகர்களுக்கு அனுப்புகிறார். என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி, அந்த பீ.எஸ்சி நீங்கள்தானா என்பது.

நீ பிறந்த வருடமோ அடுத்த வருடமோ அப்பா சந்திரனில் தேநீர் போடும் ஒருவனைப் பற்றிக் கதை எழுதினார். அங்கே காற்றே இல்லை, தண்ணீர் சூடேறுவதற்கு முன்பே கொதித்துவிடும், தேயிலை ஊறாது, உம்முடைய கதாநாயகன் வெறும் தண்ணீர் குடிக்கட்டும் என்று சொன்னேன். அவர் அதைத் திருத்தாமல், என் மனைவி பீ.எஸ்சி, இந்தத் தேநீரை அவ ஏற்கவில்லை என்று அவர்களுக்கு எழுதிவிட்டார். அன்றுமுதல் நான் அங்கே பிரபலமாம். கொழும்பில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வரைபடம் கீறிய மனிதர், கப்பல் பயணிகள் விட்டுப்போன அட்டை கிழிந்த பத்திரிகைகளைக் கோட்டை நடைபாதையில் வாங்கிப் படித்தவர், அச்சில் வந்தவை இரண்டே கதைகள், மற்றவை எல்லாம் போன வழியே திரும்பி வந்தன. அதைப் பெரிய எழுத்து என்று நான் சொல்லமாட்டேன், இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மண்டபத்தில் யாரும் அவருடைய கதைகளைப் பற்றிக் கேட்கவில்லை பிள்ளை, உன்னைப் பற்றித்தான் கேட்டார்கள். அவர் அவர்களுக்கு எழுதிய கடிதம் ஒவ்வொன்றிலும் நீ இருந்திருக்கிறாய். அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு கிழவி, மற்றக் கிரகங்களில் உள்ள பிள்ளைகளுக்கும் சீப்பால் தலை இழுக்கும்போது நோகுமா என்று கேட்ட பிள்ளை எங்கே என்றா. கனடாவில் என்றேன். கடிதம் போடுகிறாளா என்றா. ஓம் என்றேன்.

இன்னொன்றையும் லெஸ்லி சொன்னார். அந்தப் பத்திரிகைக்குக் காசு இல்லையாம், படித்துவிட்டு ஒரு கடிதம் போட்டால் அதுதான் சந்தா, அடுத்த இதழ் வரும். கடிதம் வராவிட்டால் உறையின் மூலையில் சிவப்புப் பென்சிலால் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி போட்டு அனுப்புவார்கள், நீர் இருக்கிறீரா, ஒரு வரி எழுதும், இல்லாவிட்டால் இதுதான் கடைசி என்று அர்த்தம். அப்பா போன பிறகு அவர் பெயருக்கு வந்த இரண்டு உறையிலும் அது இருந்தது. தபால் கந்தோர்காரர் போட்ட அடையாளம் என்று நினைத்து, உறைகளைப் பிரித்துக் குசினி லாச்சிக்குள் கரண்டிகளுக்குக் கீழே விரித்துவிட்டேன். இவ்வளவு நாளும் கரண்டி எடுக்கும்போதெல்லாம் அந்தப் புள்ளடி கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. அங்கிருந்து ஒருவர், நீர் இருக்கிறீரா என்று அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார், நான் லாச்சியை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது அவற்றை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன், ஏன் என்று என்னைக் கேட்காதே.

வருட முடிவில் வரும் இதழில் சிவாவைப் பற்றி இரண்டு பக்கம் வேண்டும் என்று லெஸ்லி கேட்டார். எனக்கு அவர் பிறந்த திகதியும் வேலை பார்த்த இடங்களும் தெரியும், அதை எழுதினால் விண்ணப்பம் போல இருக்கும். காலிமுகத்திடலில் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு வானத்தைக் காட்டி அவர் என்ன சொன்னார் என்பது உனக்குத்தான் தெரியும், நான் கடலை வாங்கப் போயிருந்தேன். மகள் எழுதுவாள் என்று சொல்லிவிட்டு வந்தேன். உன்னைக் கேளாமல் சொன்னது பிழைதான். முடியாவிட்டால் முடியாது என்று எழுது, அதுவும் எனக்கு ஒரு கடிதம். பரீட்சைக்கு நடுவில் உன்னால் செத்தவீட்டுக்கு வரமுடியவில்லை, நான் அதற்குக் கணக்குக் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. அவரும் கேட்டிருக்கமாட்டார், பதில் வராத இடத்துக்கும் எழுதிக்கொண்டிருந்த மனிதர் அவர்.

தலை ஈரத்தோடு பனிக்குள் போகாதே. இரவில் பாண் மட்டும் சாப்பிட்டுவிட்டுப் படுக்காதே. கடவுள் விஷயத்தில் என் நிலை உனக்குத் தெரியும், ஆகவே சந்திரகலா அன்ரி உனக்காகக் கும்பிடுகிறா, நான் பக்கத்தில் நிற்கிறேன். நீ நன்றாக இருக்கவேண்டும், அதை நான் யாரிடமும் கேட்காமலே சொல்லுவேன்.

நான் எழுதியவற்றுக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. அவர்கள் முறைப்படி பார்த்தால் இந்த உறையில் ஒரு புள்ளடி இருக்கவேண்டும். திருப்பிப் பார், நான் போடவில்லை. போடவும் மாட்டேன்.

உன் வரியைப் பார்த்திருக்கும்,
அம்மா