கிட்டங்கிக்கு வந்த நொச்சித் தழை

இன்று காலையில் மருமகள் எனக்கு வேது பிடிக்க நொச்சித் தழையைக் கொதிக்க வைத்துக் கொண்டுவந்தாள். நெஞ்சில் சளி கட்டிக் கிடந்தது, அவள் செய்தது நல்ல காரியம்தான். போர்வைக்குள் ஆவியோடு அந்த வாடை ஏறியதும் சட்டியை எட்டி உதைத்துவிட்டேன். வெந்நீர் அவள் பாதத்தில் கொட்டிவிட்டது. "ஏன்த்தே, பேய் பிடிச்சிருக்கா ஒங்களுக்கு?" என்று அழுதுகொண்டே கேட்டாள். அவள் காலுக்கு மருந்து போட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மிஷன் பள்ளியில் நாம் ஒரே பெஞ்சு. நீ டீச்சரானாய். நான் புருஷன் போனபிறகு போடி பஜாரில் அவர் விட்டுச்சென்ற நெல் கடையில் உட்கார்ந்தேன். மதுரைப் பேப்பர் என் கடைக்குத்தான் வரும். சண்டைக் காலத்தில் ரயில் நின்றுபோன பிறகு, கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் ஒரு நாள் பிந்தி வந்தது. பள்ளிக்கூடம் போகிற வழியில் நீ மூட்டைமேல் உட்கார்ந்து அதைப் படிப்பாய். அன்றைய சேதி ஒன்றை எடுத்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் சொல்லித்தருவது உன் வழக்கம். அதை முதலில் என்னிடம் சொல்லிப் பார்ப்பாய். நான் தராசைத் துடைத்துக்கொண்டே கேட்பேன், கேலியும் செய்வேன்.

பர்மாவுக்குள் ஜப்பான்காரன் நுழைந்துவிட்டான் என்று சேதி வந்தது. "இத வச்சு என்னடி பாடம் நடத்துவ?" என்றேன். "கமர்கட்டு வச்சு" என்றாய். முதல் நாள் பத்துப் பிள்ளைகளுக்குப் பத்துக் கமர்கட்டு, ஒன்றுக்கு ஒரு சிலேட்டுக்குச்சி விலை. மறுநாள் அதே பத்துப் பேருக்கு இரண்டே கமர்கட்டு. நாலு குச்சி, ஆறு குச்சி என்று பிள்ளைகளே விலையை ஏற்றினார்கள். ஒரு பயல் இன்னொருவன் கையை ரத்தம் வரக் கடித்துவிட்டான். "நான் விலையவே சொல்லலடி, பண்டம் கொறஞ்சதும் அதுகளே ஏத்திருச்சுக. பர்மா அரிசி இனி வராது. இங்கனயும் இதான் நடக்கும்" என்று வந்து சொன்னாய்.

உன் பிள்ளைகளுக்கு எவ்வளவு புரிந்ததோ, எனக்கு நன்றாகப் புரிந்தது. சின்னமனூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் இரண்டும் மூன்றுமாக வண்டிகளை வரவழைத்து, கடைக்குப் பின்னால் இருந்த கிட்டங்கியில் கூரை முட்ட நெல்லை அடுக்கினேன். முன்னால் கடைக்கு வந்தவர்களிடம் நெல் இல்லை என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகுட்டிக்காகச் செய்கிறேன் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். பேராசைதான், வேறொன்றும் இல்லை.

ஊர் மரவள்ளிக் கிழங்கைத் தின்று வயிறு உப்பிக் கிடந்தது. உன் வகுப்பில் புல்லுக்கட்டு விற்கிறவளின் மகள் எழுந்து, "டீச்சர், மிச்ச எட்டையும் நீங்க முந்தியில முடிஞ்சு வச்சிருந்தா?" என்று கேட்டாளாம். அன்று சாயங்காலம் நேரே கடைக்கு வந்துவிட்டாய்.

"கிட்டங்கில நெல் இருக்காடி?"

"இல்ல" என்றேன், வாய் கூசாமல். "சத்தியம் பண்ணவா?"

"வேணாம்டி. நீ சொன்னாப் போதும்."

பண்டம் இல்லாமல் விலை ஏறுவது வேறு, பண்டத்தைப் பதுக்கி விலையை ஏற்றுவது வேறு, நம் ஊருக்கு வந்திருப்பது முதலாவது என்று மறுநாள் வகுப்பில் சொன்னாய். பிள்ளைகள் அதை வீட்டில் போய்ச் சொன்னார்கள். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஊர் இன்னும் பத்து நாள் பொறுத்தது. அந்தப் பத்து நாளில் புல்லுக்கட்டுக்காரியின் கைக்குழந்தை முலைப்பால் வற்றிச் செத்தது.

அதற்குள் என் நெல்லில் அந்துப்பூச்சி விழுந்துவிட்டது. மூட்டைக்கு இடையில் நொச்சித் தழை போட்டால் அந்து அண்டாது என்பது இந்தப் பக்கம் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஒரு கட்டு நொச்சி வேண்டுமென்று அந்தப் புல்லுக்கட்டுக்காரியிடமே சொன்னேன். வருஷா வருஷம் அவளிடம் சொல்லிப் பழகிய வாய், யோசிக்காமல் வந்துவிட்டது. மறுநாள் காலையில் அவள் நொச்சிக் கட்டைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"காலிக் கிட்டங்கிக்கு எதுக்கும்மா நொச்சி?"

"வேது பிடிக்க."

"ஒரு கட்டா?" என்றாள். கூலியை வாங்காமலே போய்விட்டாள்.

அன்றே உச்சி வெயிலில் ஊர்ப் பெண்கள் உலக்கையும் கடப்பாரையுமாக வந்தார்கள். நான் கிட்டங்கிக்குள் ஓடி உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டேன். நீ எப்படி வந்தாய் என்று தெரியாது, கை நிறையச் சாக்குப்பொடியோடு வந்து கதவை மறித்து நின்றாய். பலகை இடுக்கு வழியே உன் முதுகு தெரிந்தது.

"ஆத்தா, கேளுங்க. உள்ள ஒண்ணும் இல்ல. நானே கேட்டேன், அவ சொல்லிட்டா."

"ஒதுங்கு டீச்சரு."

"அவ எங்கிட்டப் பொய் சொல்ல மாட்டா."

நமக்கு நடுவில் ஒரு பலகைதான். தாழ்ப்பாளை நீக்கி, இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ பிழைத்திருப்பாய். தாழ்ப்பாளில் வைத்த கையை எடுத்துக்கொண்டேன். முதல் கல் உன் நெற்றியில் விழுந்த சத்தம் கேட்டது. நீ நகரவில்லை. பிறகு கதவில் கடப்பாரை பாய்ந்தது, கதவு பெயர்ந்து உன்னோடு சேர்ந்து உள்ளே விழுந்தது.

மூட்டைகளைப் பார்த்ததும், "இவளுக்கும் பங்குடி" என்றது ஒரு குரல். புல்லுக்கட்டுக்காரியின் உலக்கை உன் தலையில் இறங்கியது. நான் மூட்டைக்குப் பின்னால் பதுங்கியிருந்தேன். அவள் மறுபடியும் ஓங்கினாள். கிழிந்த மூட்டைகளிலிருந்து நெல் உன்மேல் சரிந்தது. ரத்தம் தோய்ந்ததையும் விடாமல் பெண்கள் முந்தியில் அள்ளினார்கள், அந்த அவசரத்தில் என்னை யாரும் தேடவில்லை. நடுவில் நீ தலையைத் தூக்கிக் கூரைவரை பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய்.

"இம்புட்டா?" என்றாய்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உன் உயிர் போனது. அதற்குள் உனக்கு நினைவு திரும்பவே இல்லை. புல்லுக்கட்டுக்காரி ஜெயிலுக்குப் போனாள், அங்கேயே செத்தாள். டீச்சருக்கும் பங்கு இருந்தது என்று ஊர் பேசியது, இன்னமும் பேசுகிறது. கேட்டவர்களிடம் நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பாவி நான், உன் சாவைவிட அதுதான் என்னை அறுக்கிறது.

அன்று உன் வகுப்பில் எழுந்து கேட்டாளே, அந்தப் புல்லுக்கட்டுக்காரியின் மகள் இப்போது உன் பள்ளியில் டீச்சர். எட்டாம் வகுப்புக்குப் பேப்பர் படித்துச் சொல்கிறாளாம். போன வாரம் கடைக்கு வந்து நின்றாள்.

"உள்ள நெல் இருந்தது எங்க டீச்சருக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லுங்கம்மா."

"கடை நேரத்துல என்ன பேச்சு, போ" என்று விரட்டிவிட்டேன். அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

மருமகளின் கால் கொப்பளித்துவிட்டது. அவள் படுத்திருக்கும்போதே தெருவுக்குப் போய்ப் பத்துக் கமர்கட்டு வாங்கிவந்தேன். நாளைக்கு உன் வகுப்புக்குப் போகிறேன். பிள்ளைகள் முன்னால், அவள் முன்னால், இரண்டை மேசைமேல் வைப்பேன். துப்பட்டும், அடிக்கட்டும். மிச்சம் எட்டையும் முந்தியில் முடிந்துகொண்டுதான் போகிறேன். அவிழ்த்துக் காட்டிவிட்டு, உங்கள் டீச்சருக்குத் தெரியாது என்று சொல்வேன்.