உன் படத்தோடு போன படங்கள்

போச்சம்பள்ளி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஜெயப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் மாடும் நலம். நான் நலமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் குமட்டிக்கொண்டு கிடக்கிறது. சென்னையில் ஹாஸ்டல் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா?

போனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதுகிறாளே என்று நினைப்பாய். கம்பெனியில் எங்களுக்குப் புதுப் போன் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சனியனில் எதைத் தொட்டால் எது யாருக்குப் போகும் என்று தெரியவில்லை. மனசில் இருப்பதை இனி அதில் சொல்ல மாட்டேன்.

என் வேலை உனக்குத் தெரியும். ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் என்று பேர். ஆள் வராத நாளில் கக்கூஸை நானே கழுவ வேண்டும். அது பரவாயில்லை, பழகிவிட்டது. இப்போது கழுவுவதற்கு முன்னால் ஒரு படம், கழுவிய பிறகு ஒரு படம் எடுத்து அந்தப் போனில் போட வேண்டுமாம். ஒவ்வொரு கக்கூஸுக்கும்! மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து எடுத்தால், வெளிச்சம் போதாது, மறுபடி எடு என்கிறது. அடக் கருமமே, எட்டிப் பார்க்கவே சகிக்காததைத் திருப்பித் திருப்பிப் படம் பிடிக்கச் சொன்னால் யாரால்தான் முடியும்? ஆசிட் பட்டுப் பட்டு என் ரேகை தேய்ந்துவிட்டது, விரலை வைத்தால் போன் திறக்க மாட்டேன் என்கிறது. ஈரக் கையால் தொட்டால் அதுபாட்டுக்கு எங்கெங்கோ ஓடுகிறது. கான்ட்ராக்டரிடம் சொன்னேன். போகப் போகப் பழகிவிடும் என்கிறார். அவர் ஒரு நாள் குனிந்து எடுத்துப் பார்க்கட்டும்.

உனக்குச் சூளகிரிச் சம்பந்தம் கொண்டுவந்தாரே பூபதி மாமா, அவர் புதன்கிழமை காலையில் கூப்பிட்டார். மாப்பிள்ளை இளம்பரிதியின் அம்மா ருக்மணி, நீ புடவை கட்டிய படம் கேட்கிறார்கள், உடனே அவர்கள் நம்பருக்கு அனுப்பு என்றார். அப்பாவிடம் இருப்பது பட்டன் போன். என் பழைய போன் செத்து மாசமாகிறது. கம்பெனிப் போனில்தான் நீ அனுப்பிய பச்சைப் புடவைப் படம் இருந்தது. வேலைக்கு நடுவில் கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் அதை அழுத்தி அனுப்பினேன். பார்த்தால், பக்கத்தில் இருந்த கக்கூஸ் படங்களும் உன் படத்தோடு வரிசையாகப் போயிருக்கின்றன. அதுவும் கழுவுவதற்கு முன்னால் எடுத்தவை!

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதையெதையோ தட்டி அழித்தேன். படங்கள் மறைந்ததும் அப்பாடா என்று உட்கார்ந்தேன். அப்படி அழித்தால் என் போனில் மட்டும்தான் போகுமாம், அவர்கள் போனில் அப்படியே இருக்குமாம். இதை யார் கண்டது?

சாயங்காலம் ருக்மணியம்மா கூப்பிட்டார்கள். சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் திறந்து பார்த்துவிட்டு, தட்டைத் தள்ளி எழுந்துவிட்டார்களாம். அதற்கு அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பிறகு கேட்டார்கள்.

"ஏம்மா, நீங்க கம்பெனியில குவாலிட்டி செக்கிங்னு உங்க பொண்ணுதான எங்க பையன்கிட்ட சொல்லிச்சு. இதெல்லாம் எதுக்கு உங்க போன்ல கெடக்குது?"

நீ அப்படிச் சொல்லியிருப்பது அப்போதுதான் எனக்குத் தெரியும், பாப்பா.

உன்னைப் பொய்க்காரி ஆக்க எனக்கு வாய் வரவில்லை. "அது கக்கூஸ் கழுவற பொம்பளை எடுத்ததுங்க, போனு மாறிப்போச்சு" என்றேன். அதானே பார்த்தேன் என்று அவர்கள் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. எத்தனையோ கக்கூஸ் கழுவியிருக்கிறேன். என்னைப் பார்த்து நானே முகம் சுளித்தது அன்றைக்குத்தான்.

உன்மேல் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் அதுவும் பொய். நல்ல இடம் தட்டிப் போய்விடுமோ என்று பயந்து சொல்லியிருப்பாய், அதுவும் புரிகிறது. அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

ஆவணி பிறந்ததும் பெண் பார்க்க வருகிறார்கள். என் வேலையைப் பற்றிப் பேச்சு வராமல் இருக்காது. இன்னொரு தரம் அந்தப் பொய்யை என்னால் சொல்ல முடியாது. அதற்கு முன்னால் நீயே இளம்பரிதியிடம் சொல்லிவிடு. கேட்டுவிட்டு வேண்டாம் என்றால் போகட்டும். சொல்ல முடியாது என்றால், அவர்கள் வரும் அன்றைக்கு நான் லீவு போட மாட்டேன். கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய்விடுகிறேன், மாரம்மா சித்தி காபி கொடுக்கட்டும். நான் வீட்டில் இருக்கட்டுமா, போய்விடட்டுமா? நீதான் சொல்ல வேண்டும்.

எந்த வீட்டுக்கு வாழப் போனாலும், யாருக்கும் பயப்படாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா
மாதேஸ்வரி