சாவியை விட்டதும்

மார்ச் 4

கார் சாவியை ஒளித்து வைத்தது பலிக்கவில்லை. அப்பா அலமாரித் துணிகளையெல்லாம் தரையில் கொட்டித் தேடிவிட்டு, வீடு பெருக்க வரும் அக்காவைத் திருடி என்று சொல்லிவிட்டார். அக்கா அழுதுகொண்டே போனார். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

போன மாதம் பால் வாங்கக் கிளம்பியவரை எண்பது கிலோமீட்டர் தள்ளி, ஒரு பாலத்தின் நடுவே, எதிர்த்திசை பார்த்து நின்ற வண்டிக்குள் கண்டுபிடித்தோம். மறதி இன்னும் கூடும், இனி ஓட்டவே கூடாது என்கிறார் டாக்டர். வேறு ஊரிலிருக்கும் அண்ணன் போனில், "வித்துத் தொலையேன்" என்கிறான். முப்பத்தெட்டு வருஷமாக அந்தப் பழைய வண்டியின் ஒரு திருகைக்கூட அப்பாவைத் தவிர யாரும் தொட்டதில்லை. அவனுக்குத் தெரியாதா?

மார்ச் 9

நான் வேலை பார்க்கும் நூலகத்திலிருந்து பழைய வண்டிகளின் பழுதுபார்ப்பு நூல் ஒன்றை எடுத்து வந்தேன். என்ஜினுக்குப் பின்னாலுள்ள சுவரில், விரல் நீளத்தில் ஒரு வெள்ளைப் பீங்கான் கட்டை. பேலஸ்ட் ரெசிஸ்டர். சாவியை ஸ்டார்ட்டில் பிடித்திருக்கும்வரை பேட்டரியின் முழு மின்சாரமும் இதைத் தொடாமல் நேரே, தீப்பொறி தரும் இக்னிஷன் காயிலுக்குப் போகிறது. சாவியை விட்டதும் இதன் வழியாக, குறைந்து போகிறது. குறையாவிட்டால் காயில் வெந்துவிடுமாம்.

இதற்குள் கம்பி அறுந்திருந்தால்? என்ஜின் பிடிக்கும். சாவியை விட்ட கணத்தில் நின்றுவிடும்.

அப்பாவின் தகர டப்பாவில் செத்துப்போன கட்டை ஒன்று இருக்கிறது. எதையும் எறியமாட்டார்.

மார்ச் 10

அவர் குளிக்கும்போது மாற்றிவிட்டேன். நல்ல கட்டை என் மேசைக்குள், கைக்குட்டையில்.

மார்ச் 11

பிடித்தது. நின்றது. பிடித்தது. நின்றது. அப்பா சாவியைத் திருப்பத் திருப்ப, பதினாறு தடவை எண்ணினேன்.

மார்ச் 23

முன்பெல்லாம் யாராவது போனில் இந்தக் கோளாறைச் சொன்னால், அப்பா தட்டிலிருந்து தலை நிமிராமலே சொல்வார்: "சாவிய விட்டதும் நிக்குதா? வேற எதையும் நோண்டாத. ரெசிஸ்டரப் பாரு."

இரண்டு வாரமாக நோண்டிக்கொண்டிருக்கிறார். பிளக், பாயின்ட், கண்டென்சர். இன்று டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டு, வயர்களில் எது எங்கே என்று தெரியாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"என் கை போச்சும்மா."

இரண்டு கைகளையும் என்னிடம் நீட்டினார், நான் பார்த்துச் சொல்லிவிடுவேன் என்பதுபோல. தன் மறதியைப் பற்றி ஒரு நாளும் கவலைப்படாத மனுஷன். நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்?

ஏப்ரல் 2

மெக்கானிக் மாமா வந்திருந்தார். அப்பாவே கூப்பிட்டிருக்கிறார்.

"என்னண்ணே, உலகம் அழியப் போகுதா? என்னப் போயி கூப்பிட்டிருக்கீங்க!"

சிரித்துக்கொண்டே வயர்களை மாட்டினார். சாவியைத் திருப்பினார், பிடித்தது. விட்டார், நின்றது. அவர் கை நேராக அந்தக் கட்டைக்குப் போனது. எல்லாம் துரு, அதன் திருகுகளில் மட்டும் புதுக் கீறல். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்பாவுக்குப் பின்னால் நின்று நான் தலையை அசைத்தேன் — வேண்டாம்.

ரொம்ப நேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் பிடிபடலண்ணே."

"உனக்கேவா?"

"எனக்கேதான். வண்டிக்கு வயசாயிடுச்சு. நம்மள மாதிரி இளமையாவே இருக்குமா?"

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "உனக்கே தெரியலன்னா, என் கை சரியாத்தாண்டா இருக்கு!"

வாசலில் மாமா என்னிடம், "தெரியலன்னு தொழில்ல நான் சொன்னதே இல்லம்மா" என்றார். கோபமா? செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இப்படி ஒரு பொய் எனக்குத் தோன்றவே இல்லையே.

ஜூன் 15

அப்பா வண்டிப் பக்கம் போய்ப் பத்து நாளாகிறது.

ஆகஸ்ட் 19

சாவி ஒரு மாதமாக ஆணியிலேயே தொங்குகிறது. கேட்க ஆளில்லை. காலையில் நல்ல கட்டையைத் திரும்ப மாட்டினேன். அப்பாவைக் கைபிடித்து வந்து பக்கத்து இருக்கையில் உட்காரவைத்தேன். சாவியைத் திருப்பினேன், பிடித்தது. விட்டேன். ஓடிக்கொண்டே இருந்தது.

அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். அந்தச் சாய்ப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

"நல்லா ஓடுது. யாரு சரி பண்ணது?"

"நீங்கதான்ப்பா."

தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, வழியில் ஏற்றிக்கொண்டவர்களிடம் பேசும் மரியாதையோடு சொன்னார்:

"என்னை அந்த முனையில எறக்கி விட்டுடுங்க. வீட்டுல என் பொண்ணு தேடிட்டிருப்பா."

"சரிங்க" என்றேன்.