கங்கு மிஞ்சாத அடுப்பு

பேகம்பூர், திண்டுக்கல்
ஜூன் 20

அன்புள்ள சதாம் அண்ணனுக்கு,

தங்கை ஷமாவின் ஸலாம். புனேயில் மழை பிடித்துக்கொண்டதாக டிவியில் சொன்னார்கள். நனைந்த சட்டையோடு ஃபேனுக்கு அடியில் தூங்காதே. இங்கே மழை இல்லை. புழுதிதான்.

நீ போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் போட்டால் நீலக் குறி விழுகிறது, பதில் விழுவதில்லை. அதனால்தான் தபால். பேகம்பூர் போஸ்ட் ஆபீஸில் கவர் கேட்டதற்கு, கோர்ட்டுக்கா என்று கேட்டார்கள். அண்ணனுக்கு என்றேன்.

முதலில் ஒன்றை நினைவுபடுத்துகிறேன், இந்தச் சண்டையில் எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள். அத்தாவின் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், பீடி உண்டா என்று கேட்டார். இல்லை என்றோம். அப்படியானால் இது விறகு என்றார். இனி புகையில் நின்றால் இருக்கிற மூச்சும் தங்காது என்றார். அதற்காகத்தான் நீ உங்கள் கம்பெனியில் செய்த, ஃபேன் வைத்த அந்தப் புகையில்லா அடுப்பைக் கொண்டுவந்தாய். அத்தாவை அவமானப்படுத்த இல்லை. அது எனக்குத் தெரியும். அத்தாவுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

அடுப்பைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீ அதைச் சமையல் கொட்டகையில் இறக்கிப் பொருத்திவிட்டு ரயிலேறிய பிறகு என்ன நடந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். முதல் நாள் பற்றவைத்ததும் கருப்பம்மா அக்கா சட்டி தேய்க்கிறதை விட்டுவிட்டு வந்து குனிந்து குனிந்து பார்த்தது. "என்ன பாப்பா, எரியுதா இல்லையான்னே தெரியல. புகை வந்தாத்தான எரியுதுன்னு அர்த்தம்" என்றது. அத்தா மூஞ்சி கழுவியபோது தண்ணீர் கறுப்பாக ஓடவில்லை. அன்றிரவு அவர் இருமாமல் இஷா தொழுதார். அம்மா கதவோரம் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. விறகும் முன்பு போனதில் பாதிதான் போனது. வீட்டுக்கும் பிரியாணிக் கடைக்கும் வைக்கிற சட்டி எல்லாம் அருமையாக வெந்தது.

பிறகுதான் செம்பட்டிக் கல்யாணம். நீ கேள்விப்பட்டது அத்தா போனில் கத்தியதை மட்டும்தான். நடந்ததைச் சொல்கிறேன்.

அண்டா மாதிரிப் பெரிய தேக்சா. சீரகச் சம்பா. அடுப்பை மினி லாரியில் ஏற்றிக் கொண்டுபோனோம். மண்டபத்துக்காரர்கள் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். அத்தா பெருமையாக, "எம்மகன் செஞ்சது, புனேயில" என்று கேட்டவனிடமும் கேட்காதவனிடமும் சொன்னார். அரிசியும் தண்ணீரும் சமமாக வந்தது. மூடி போட்டு, ஓரத்தில் மாவு ஒட்டி, "கருப்பம்மா, கங்கு அள்ளு" என்றார்.

அக்கா இரும்புச் சட்டியோடு குனிந்தது. அடுப்புக்குள் கங்கு இல்லை. வெள்ளைச் சாம்பல் மட்டும் கிடந்தது, விபூதி மாதிரி.

சின்னச் சட்டிக்கு ஈரத்துணி சுற்றிக் கல்லை வைத்தால் தம் ஏறிவிடும். பெரிய தேக்சாவுக்கு மேலிருந்தும் சூடு இறங்க வேண்டும். மூடி நிறையக் கங்கு பரப்ப வேண்டும். இத்தனை வருஷமாகக் கங்கு என்று ஒன்றைத் தனியாக யாரும் யோசித்ததே இல்லை. நம் பழைய கோட்டை அடுப்பில் விறகு எரிந்தால் அடியில் தணலாகக் கங்கு கிடக்கும், அள்ளி மேலே போடுவோம், அவ்வளவுதான். அது இல்லாமல் போகும் என்று அத்தாவுக்கும் தோன்றவில்லை, உனக்கும் தோன்றவில்லை.

அத்தா பதறிப்போய் மறுபடி விறகு வைக்கச் சொன்னார். உன் அடுப்பு சிறு தீ தெரியாத அடுப்பு. அடி தீய்ந்தது. மேலே அரிசி வேகாமல் நின்றது. பெண்ணின் மாமன்காரர் ஒருவர் இலையிலிருந்து ஒரு பருக்கையை எடுத்துக் காட்டி, "என்ன பாய், கோழிக்குப் போடவா" என்று கேட்டார். பந்தியே சிரித்தது. அத்தா தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

அன்றிரவு உனக்குப் போன் போட்டு, அடுப்பைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். நீ, "அப்ப புகையிலயே கெடங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அம்மாவும் கேட்டது.

அண்ணே, லீவில் வந்தபோது நீ எனக்கு விளக்கினாயே, அடுப்பை எப்படிச் சோதிக்கிறீர்கள் என்று. பாத்திரத்தில் தண்ணீரை வைத்துக் கொதிக்கவிடுவோம், எவ்வளவு விறகு போனது என்று எடை போடுவோம், கடைசியில் கரி மிஞ்சியிருந்தால் அது எரியாமல் போன நஷ்டம் என்றாய். நீங்கள் நஷ்டம் என்று துடைத்தெறிந்ததுதான் எங்கள் தம். உங்கள் கம்பெனியில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் தண்ணீரைக் கொதிக்கவைத்து யாரும் கல்யாணப் பந்தியில் பரிமாறுவதில்லை. சோறாக்குகிற ஒருவரையாவது கூப்பிட்டு, கொதித்த பிறகு என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கலாம். நம் வீட்டில் நீயாவது கேட்டிருக்கலாம். அத்தாவும் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். மகன் படித்தவன், அவனுக்கு எல்லாம் தெரியும் என்று பேசாமல் இருந்துவிட்டார்.

இப்போது அடுப்பு சாக்குப் போர்த்திக் கிடக்கிறது. அத்தா மறுபடி கோட்டை அடுப்பு முன்னால் நிற்கிறார். இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்குகிறார்.

கங்குக்கு ஒரு வழி சொல். கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

உன் தங்கை,
ஷமா


பேகம்பூர், திண்டுக்கல்
ஜூலை 18

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். உன் பதில் வந்தது. கடிதத்துக்கு மெசேஜில் பதில் போட்ட ஆள் நீ ஒருவன்தான் இருப்பாய். "அடுப்பில் பிழை இல்லை. கங்குக்குத் தனியாக ஒரு சின்னத் தீ போட்டுக்கொள்ளவும்." ஆபீஸ் ஆர்டர் மாதிரி இருந்தது. ஆனாலும் அம்மா அதை என்னிடம் மூன்று நான்கு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டது. கடைசியில், "சாப்ட்டானான்னு ஒண்ணும் போடலையா" என்றது. போட்டிருக்கிறான் என்று பொய் சொன்னேன்.

நீ சொன்னபடியே செய்தோம். அதற்கு முன் கடையில் வாங்கிய கரியைப் போட்டுப் பார்த்தார் அத்தா. கொட்டாங்கச்சிக் கரி சுள்ளென்று ஏறி, மூடியைக் காய்ச்சி மேல்சோற்றைக் கருக்கிவிட்டது. புளியங்கட்டைக் கங்குதான் சாம்பல் பூத்து நிதானமாகச் சூட்டை இறக்கும் என்றார். சரி, புளியங்கட்டையையே தனியாக எரிப்போம் என்று முடிவானது. கொட்டகைக்குள் எரித்தால் அத்தாவுக்கு ஆகாது. அம்மாதான் இடம் சொன்னது. கொட்டகைக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற குழாயடிக்குப் பக்கத்தில், ஆஸ்பெஸ்டாஸ் இறக்கத்துக்குக் கீழே ஒரு குழி.

அங்கே யார் உட்காருவது என்று யாரும் பேசவே இல்லை. குழாயடியில் யார் இருக்கிறார்களோ அவர்கள்தானே.

நான் உட்காருகிறேன் என்று சொன்னேன். அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டது. பெண் பார்க்க ஆட்கள் வருகிற நேரமாம். முகத்தில் புகை ஏறினால் கறுத்துவிடுமாம். ஆக என் தோலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, அத்தாவின் நெஞ்சுக்கு ஒரு கணக்கு இருக்கிறது.

பிரியாணி பிரமாதமாக வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். வத்தலகுண்டு ரோட்டில் ஒரு காதுகுத்து. மூடியைத் திறந்ததும் சீரகச் சம்பா நிமிர்ந்து நின்றது. அத்தா இரண்டு விரலால் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்துவிட்டு, உன் அடுப்பின் மேல் ஒரு தட்டுத் தட்டினார், மாட்டைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி. அந்த வாரம் அவர் ஒரே தலையணையில் தூங்கினார். அம்மா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய், எம்மகன் அடுப்பு, எம்மகன் அடுப்பு என்று சொல்லிவிட்டு வந்தது.

நான் குழாயடிக்குப் போனேன். கருப்பம்மா அக்கா அகரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிற ஆள். நீயும் நானும் டவுசர் போட்ட காலத்திலிருந்து நம் சட்டிகளைத் தேய்க்கிற ஆள். அது குழிக்கு முன்னால் குத்தவைத்து, ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருந்தது. அந்த இறக்கம் தாழ்வாக இருப்பதால் புகை மேலே போகாமல் அப்படியே திரும்பி அதன் தலைமேல் இறங்கிக்கொண்டிருந்தது. இருமிவிட்டு ஊதியது, ஊதிவிட்டு இருமியது. புகை வாட்டுகிறதா அக்கா என்று கேட்டேன். எவ்வளவு மடத்தனமான கேள்வி என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

அக்கா சிரித்தது. "பாய்க்குப் புகை ஆகாதுன்னு டாக்டரு சொன்னாரு. எனக்கு ஆகும்னு எந்த டாக்டரு பாப்பா சொன்னாரு?"

கோபமாகச் சொல்லவில்லை. அழுதுகொண்டும் சொல்லவில்லை. சோற்றுக்கு வெஞ்சனம் என்ன என்று கேட்கிற குரலில் சொல்லிவிட்டு மறுபடி ஊத ஆரம்பித்துவிட்டது.

நாம் புகையை ஒழிக்கவில்லை அண்ணே. பின்பக்கம் தள்ளிவிட்டோம். கழிவுநீரை அடுத்த தெருவுக்குத் தள்ளிவிட்டு நம் தெரு சுத்தம் என்று சொல்கிற முனிசிபாலிட்டியை நீ எவ்வளவு திட்டுவாய். இதுவும் அதுதான். அந்தக் காலத்தில் அத்தாவும் அக்காவும் ஒரே அடுப்பின் இரண்டு பக்கம் நின்று இருமினார்கள். எக்ஸ்ரே ஒருவருக்குத்தான் எடுத்தோம். உன் அடுப்பு வந்த பிறகு இருமலும் ஒருவருக்கு மட்டும்தான் என்று ஆகிவிட்டது.

அன்றைக்குச் சாப்பாட்டில் அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். அம்மா என்னை முறைத்தது. "வேலைக்கு வந்தவ அவ. நீ ஏன் மூட்டி விடுறே" என்றது. அத்தா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அடுத்த ஆர்டருக்கு நான் காய்கறி வாங்கிவிட்டு வருகிறேன், பின்பக்கம் சத்தம். அத்தா குழிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஊதுகுழல் அவர் கையில். அக்கா இடுப்பில் கை வைத்து நிற்கிறது.

"எந்திரிங்க பாய். நீங்க போய்ச் சேந்துட்டா எனக்கு வேலை யாரு குடுப்பா?"

"நீ போய்ச் சேந்தா எனக்குச் சட்டி யாரு கழுவுவா? போ அங்கிட்டு."

"டாக்டரு உங்களுக்குத்தான சொன்னாரு."

"உன்னைய அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல."

அக்கா குழாயைத் திறந்துவிட்டு, தேய்த்த சட்டியையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு அத்தாவைப் பிடித்தது. அதே நேரம் பயமாகவும் இருந்தது. அவர் சரியாகத்தான் செய்தார். சரியாகச் செய்ததில் அவர் மூச்சு போய்க்கொண்டிருக்கிறது. அன்று முழுக்க ஆஸ்த்மாக்காரர்கள் உறிஞ்சுகிற அந்த மருந்தைக் கையிலேயே வைத்திருந்தார். இப்போது தலையணை மூன்று. மாடிப்படியில் பாதியில் நின்று, தெருவில் யாரையோ பார்க்கிற மாதிரி நடிக்கிறார். தெருவில் யாரும் இருப்பதில்லை.

நான் யூடியூபில் தேடிப் பார்த்தேன். மேலிருந்து பற்றவைத்து, புகையை மட்டும் எரித்துவிட்டு, கரியை அடியிலேயே மிச்சம் வைக்கிற அடுப்புகள் இருக்கின்றன. காற்று வருகிற கீழ்வழியை அடைத்துவிட்டால் விறகு சாம்பலாகாமல் கங்காக நிற்குமாம். இது உனக்குத் தெரியாமல் இருக்காது. நஷ்டம் என்று நினைத்து விட்டிருப்பாய். நம் அடுப்பில் கீழே ஃபேன் காற்று வருகிற இடத்துக்கு இழுத்து மூடுகிற ஒரு தகடு வை. அதற்கு அடியில் கங்கு விழுகிற மாதிரி ஒரு தட்டு வை. தட்டை வெளியே இழுத்து அப்படியே மூடிமேல் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். கைப்பிடி நீளமாக இருக்கட்டும். ஊதுகிற வேலையே இருக்கக் கூடாது, அத்தாவுக்கும் சரி, அக்காவுக்கும் சரி. உங்கள் சோதனையில் எடை போடும்போது உன் அடுப்பு கொஞ்சம் மார்க் குறைவாக வாங்கும். வாங்கட்டும்.

தேக்சா மூடியின் அகலத்தை அத்தாவே நூல் பிடித்து அளந்து தந்தார். எதற்கு என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. நூலை இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன். முடிச்சு விழுந்த இடம் வரைக்கும்தான் அளவு.

ஆவணி பிறந்ததும் தாடிக்கொம்பில் ஒரு பெரிய ஆர்டர் ஒத்துக்கொண்டிருக்கிறார். குழிக்கு முன்னால் தான்தான் உட்காருவேன் என்று இப்போதே சொல்லிவிட்டார். அக்கா, தான்தான் என்கிறது. யார் உட்கார்ந்தாலும் அது எனக்குச் சம்மதமில்லை. அதற்குள் நீ தட்டைச் செய்துவிடு. பார்சலில் அனுப்பாதே, நீயே கொண்டுவந்து பொருத்து. பொருத்தத் தெரிந்த ஆள் இங்கே இல்லை என்று அத்தாவிடம் சொல்லியிருக்கிறேன். லேத் பட்டறையில் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியும். ஆமா, இல்லதான் என்றார்.

அல்லாஹ் உனக்கு நெஞ்சு நிறைய மூச்சைக் கொடுக்கட்டும். சீக்கிரம் வா.

உன் தங்கை,
ஷமா