பாக் விர்யோ நீட்டும் சிகரெட்

செப்டம்பர் 2, செவ்வாய்
இன்றும் இருமலில் ரத்தம். கொஞ்சம்தான். மனைவி லஸ்த்ரி கண்ணில் படுவதற்குள் துணியை அலசிவிட்டேன். சிகரெட்டை நிறுத்து, எக்ஸ்ரே எடு என்கிறார் டாக்டர். எக்ஸ்ரேயில் என்ன தெரியுமோ. பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 4
நிறுத்து என்று சொல்வது எளிது. எங்கள் ஷூ ஆலையில் மூச்சுவிடக் கிடைக்கும் ஒரே இடம் கொதிகலன் கொட்டகைக்குப் பின்புறம். மேலாளர் விர்யோ, நாங்கள் மரியாதையாக 'பாக்' என்று அழைப்பவர், அங்கேதான் தன் கிராம்பு சிகரெட்டை எல்லோருக்கும் நீட்டுவார். யாருடைய ஒப்பந்தம் நீளும் என்பதும் அந்தப் புகைக்குள்தான் முடிவாகும். போன வருடம் காஸ்மின் சிகரெட்டை விட்டான். "அவனுக்கு நெஞ்சுல ஏதோ நோவுடா" என்றார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் ஆள் வெளியே. எனக்கு இந்த மாதக் கடைசியில் முடிகிறது.

செப்டம்பர் 9
உற்பத்தி இலக்கை மறுபடி ஏற்றிவிட்டார்கள். ஒரு சிகரெட் பிடித்தால் தேவலை போலிருந்தது; ஆனாலும் பற்றவைக்கவில்லை. பாக் விர்யோ கொடுத்ததைக் காதில் செருகிக்கொண்டேன்.

"சாப்பிட்டுட்டுப் பிடிக்கிறேன் பாக்."

"என்ன திக்னோ, வீட்டுக்காரிக்குக் கொண்டுபோறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

செப்டம்பர் 12
மாட்டிக்கொண்டேன். அவரே தீக்குச்சியை உரசி என் முகத்துக்கு நேரே பிடித்தார். எப்படி மறுப்பது? ஒரே இழுப்பு. இருமல் நிற்கவேயில்லை. கைத்துணி சிவந்ததை அவர் பார்த்துவிட்டார்.

போச்சு. வேலை போச்சு. லஸ்த்ரிகிட்ட என்னன்னு சொல்வேன்?

செப்டம்பர் 15
அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். சீட்டைக் கிழிக்கத்தான் என்று நினைத்தேன்.

"எக்ஸ்ரே எடுக்கப் போனா என்னடா பண்ணுவாங்க?"

எனக்கு விளங்கவில்லை.

"எனக்கும் ரத்தம் வருதுடா. ரொம்ப நாளா. முதலாளி அவரு கையால நீட்டுறாரு, நான் எப்படி வேண்டாங்கிறது?"

அவருக்கு மேலேயும் ஒரு கை நீளும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"தனியாப் போக பயமா இருக்கு. கூட வர்றியா?"

செப்டம்பர் 20
போனோம். எனக்கு மூச்சுக்குழாயில் புண். மருந்துக்குக் கேட்குமாம், புகை மட்டும் கூடவே கூடாது. அவருடைய படத்தை டாக்டர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 6
என் ஒப்பந்தத்தை நீட்டிவிட்டுத்தான் பாக் விர்யோ சிகிச்சைக்காக விடுப்பில் போனார். இன்று கொட்டகைக்கு முதலாளியே வந்தார்.

"விர்யோவுக்கு என்னப்பா?"

"மகளுக்குக் கல்யாணப் பேச்சு. ஊருக்குப் போயிருக்காரு" என்றேன், வேறு யாரும் வாய் திறப்பதற்குள்.

தலையாட்டிவிட்டு என் பக்கம் சிகரெட்டை நீட்டினார்.

"விட்டுட்டேன் பாக்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். சிகரெட்டைப் பெட்டிக்குள் திரும்பச் செருகினார்.

அவர் போனதும் பாக் விர்யோவுக்கு போன் செய்தேன். யார் கேட்டாலும் கல்யாணம் என்றே சொல்லுங்கள் என்றேன். பதிலுக்கு இருமல்தான் கேட்டது.